ஆணிவேரைப் பைக்குள் அடைக்கலாமா?

நாற்று விட்டுப் பறித்து நடுவது தமிழ்நாட்டு விவசாயிக்குக் கைவந்த வேலை. நெல், கேழ்வரகு, மிளகாய், கத்தரி, தக்காளி என்று எத்தனையோ பயிரை அப்படித்தான் காலம் காலமாகச் செய்து வருகிறோம். அந்தப் பழக்கத்தினாலோ என்னவோ, எந்தச் செடியானாலும் ஓரிடத்தில் பாதுகாப்பாக வளர்த்து, வேறிடத்தில் கொண்டுபோய் நட்டால்தான் நன்றாக வரும் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. குள்ளஞ்சாவடியைச் சுற்றியுள்ள செம்மண் மேட்டுக் கொல்லைகளில் முந்திரியும் பலாவும் வைக்கிறவர்கள் இன்று பாலிதீன் பையில் வளர்ந்த கன்றைத் தவிர வேறெதையும் நினைப்பதில்லை. இந்த இரண்டு மரத்துக்கும் இந்த முறை அவ்வளவு நல்லதல்ல, அவற்றைக் குழியிலேயே விதைத்து, குழியிலேயே ஒட்டுக் கட்டுவதுதான் நம் மண்ணுக்கு ஏற்றது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் பலர் இருப்பார்கள் என்பதும் தெரியும்.

கத்தரி நாற்றைப் பறிக்கும்போது வேரில் பாதி அறுந்து மண்ணிலேயே தங்கிவிடுகிறது. இருந்தாலும் நட்ட ஒரு வாரத்தில் செடி தலை நிமிர்ந்துவிடும். அறுந்த இடத்துக்கு மேலேயிருந்து புதுச் சல்லிவேர் கொத்துக் கொத்தாகக் கிளம்புவதுதான் காரணம். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கு உருவான பாலூர் 1 கத்தரியை 30, 35 நாள் நாற்றாகப் பறித்து நட்டுப் பலன் எடுத்தவர்கள் நம் வட்டாரத்தில் அநேகர். கத்தரிக்கு நாற்றங்கால் ஒரு வசதி. கொஞ்சம் இடத்தில் கொஞ்சம் தண்ணீரில் ஒரு ஏக்கருக்கு வேண்டிய செடியைக் காப்பாற்றிவிடலாம்.

முள்ளங்கியை அப்படி நட்டுப் பாருங்கள். கிழங்கு இரண்டாக, மூன்றாகக் கவட்டை விட்டு நிற்கும். சந்தையில் யாரும் கையால் தொடமாட்டார்கள். காரட்டும் அப்படியே. முளைத்ததும் முதலில் கீழே இறங்குகிற அந்த ஒற்றை வேரின் நுனி முறிந்தால் அது திரும்ப நேராக வளர்வதில்லை. பக்கத்தில் கிளம்பும் வேர்கள் அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும். செடி சாகாது, ஆனால் வடிவம் போய்விடும். பூசணி, சுரை, பாகல் போன்ற கொடிகளும் வேரைத் தொட்டால் சுணங்கும் ஜாதிதான். அதனால்தான் அவற்றைக் குழியில் நேரே ஊன்றுகிறோம், அல்லது சிறு பையில் போட்டு 15 நாளைக்குள் மண் உதிராமல் இறக்கிவிடுகிறோம்.

குளிர் நாடுகளில் பார்ஸ்னிப் என்று ஒரு கிழங்கு உண்டு. காரட்டின் உறவு, நிறம் வெளிறிய மஞ்சள். விதை முளைக்க மூன்று வாரம்கூட ஆகும், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த விதை பெரும்பாலும் முளைக்காது. வசந்த காலத்தில் தோட்டத்து மண் சில்லென்று கிடப்பதால் அங்குள்ளவர்கள் சிலர் அதை வீட்டுக்குள்ளேயே விதைக்கிறார்கள். ஆனால் தட்டில் விதைத்துப் பிடுங்கி நட்டால் கிழங்கு கோணிவிடும். ஆகவே செய்தித்தாளை நீளமான குழலாகச் சுருட்டி, அதில் மண் நிரப்பி, விதையைப் போட்டு, வேர் நுனி அடியைத் தொடுவதற்கு முன்பே குழலோடு சேர்த்துத் தோட்டத்தில் இறக்கிவிடுகிறார்கள். காகிதம் மண்ணில் மக்கிப்போகும், வேர் ஒன்றும் தெரியாமல் நேரே கீழே போகும். குளிருக்காகச் செடியை இடம் மாற்ற வேண்டிய கட்டாயத்தில் இருப்பவர்கள்கூட ஆணிவேருக்கு எவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள் என்பதற்காகவே இதை இங்கே சொல்கிறேன். இத்தனைக்கும் அது ஒரே பருவத்தில் தோண்டித் தின்று முடிக்கிற கிழங்கு. நாம் வைப்பதோ முப்பது நாற்பது வருஷம் நிற்க வேண்டிய மரம். நமக்குக் குளிர்ந்த மண் என்ற தொல்லையும் கிடையாது.

பனை மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பனங்கொட்டையை நாற்றங்காலில் முளைக்கவைத்துப் பிடுங்கி நட்டவர் உண்டா? ஏரிக்கரையிலும் வரப்பிலும் கொட்டையைப் புதைத்துவிட்டுப் போகிறோம், அது தன் பாட்டுக்கு ஆழத்தில் இறங்குகிறது. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 செடிமுருங்கை வந்தபோதும் குழிக்கு இரண்டு விதை என்று நேரடியாகத்தான் ஊன்றினோம். முளைக்காத குழிக்காகச் சில விதையைப் பையில் போட்டு வைத்திருந்து பழுது நட்டோம். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. முந்திரிக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

முந்திரி பிரேசில் நாட்டு மரம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் மூலம் இந்தியாவுக்கு வந்தது. நம் பகுதிக் கொல்லைகளில் நின்ற பழைய முந்திரி எல்லாம் கொட்டை போட்டு முளைத்தவை. உழவு, உரம், தண்ணீர் எதுவும் பெரிதாகக் கேட்காமல் நின்றன. மழை நின்றுபோன மாசி, பங்குனியில், மேல்மண் சுட்டுக் கிடக்கும்போது அவை பூத்துக் காய்த்தன என்றால் ஆழத்து ஈரத்தைத் தொட்ட வேர்தான் காரணம். இறவைக்குக் கிணறு இல்லாத கொல்லைக்காரர்களின் பயிர் அது. சுரங்கத்தில் வேலை நடக்கவேண்டும் என்றால் நெய்வேலியில் ஆழ்நீரை ஓயாமல் இறைத்தாக வேண்டும், அவ்வளவு தண்ணீர் பூமிக்கு அடியில் இருக்கிறது. மேலே கொல்லையில் நிற்கிற மரத்துக்கு அதில் ஒரு சொட்டும் எட்டப் போவதில்லை என்பது வேறு விஷயம். அதற்கு எட்டுவது ஐப்பசி, கார்த்திகையில் பெய்து செம்மண்ணுக்குள் இறங்கிய மழைநீர்தான்.

இனி பைக்குள் நடப்பதைப் பார்ப்போம். வழக்கமான பை ஏறத்தாழ 10 அங்குல உயரம். கொட்டை முளைத்ததும் ஆணிவேர் இலையைவிட வேகமாகப் போகும். சில வாரங்களில் அடியைத் தொட்டு, போக வழியில்லாமல் பையின் சுவரை ஒட்டிச் சுற்ற ஆரம்பிக்கும். சிலது பை ஓட்டை வழியே தரைக்குள் இறங்கிவிடும், கன்றைத் தூக்கும்போது அறுந்துபோகும். மேலே பார்த்தால் கன்று பச்சைப்பசேலென்று இருக்கும். அதை அப்படியே குழியில் வைத்து மண்ணைத் தள்ளினால் அந்தச் சுருள் அவிழ்வதில்லை. வேர் பருக்கப் பருக்கச் சுருளும் பருக்கிறது. ஐந்தாறு வருஷம் கழித்து, காரணம் தெரியாமல் ஒரு மரம் சோர்ந்து நிற்கும், அல்லது சாதாரணக் காற்றில் சாயும். தோண்டிப் பார்த்தால் அன்றைய பையின் அளவுக்குக் கயிறு சுற்றியதுபோல் வேர் முறுக்கிக்கொண்டிருக்கும்.

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை ஏறியது. மணிக்கு 120 முதல் 140 கிலோமீட்டர் வேகத்தில் வீசிய அந்தக் காற்றில் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி வட்டாரங்களில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாக விழுந்தன. 2018 நவம்பரில் கஜா புயல் புதுக்கோட்டைப் பக்கத்துப் பலாவையும் தஞ்சைத் தென்னையையும் அதே கதிக்கு ஆளாக்கியது. ஆணிவேர் நேராக இருந்தால் மரம் எந்தப் புயலிலும் விழாது என்று நான் சொல்ல வரவில்லை. தானேயில் விழுந்தவற்றில் கொட்டை போட்டு முளைத்த கிழட்டு மரங்களும் ஏராளம். பரந்த தலை, ஊறிப்போன மண், இரவெல்லாம் திசை மாறி அடித்த காற்று, எந்த மரம்தான் தாங்கும்? என் கவலை, விழுந்த மரங்களின் இடத்தில் நாம் எதை வைத்தோம் என்பதில்தான். மறுநடவுக்கு அரசு உதவி வந்தது, கன்று வந்தது. நல்லதுதான். ஆனால் புயல் அடிக்கிற கடலோர மாவட்டத்தில், ஒரு தலைமுறை மரங்கள் முழுவதையும் பை வேரின் மேல் நிறுத்தியிருக்கிறோம். அடுத்த பெரிய காற்றுக்கு முன் இதைப்பற்றிப் பேச வேண்டாமா?

ஒட்டுக்கன்று வேண்டாமா?

இங்கே ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. கொட்டை போட்டு வளர்த்த மரம் தாய் மரத்தைப்போல் இருப்பதில்லை. முந்திரியில் அயல் மகரந்தச் சேர்க்கை அதிகம். ஒரே மரத்துக் கொட்டையில் முளைத்த பத்துக் கன்றும் பத்து விதமாகக் காய்க்கும். ஒட்டுக்கன்று மூன்றாவது ஆண்டிலேயே காய்ப்புக்கு வருகிறது, விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ. 3 வைத்தால் வி.ஆர்.ஐ. 3 ஆகவே காய்க்கிறது. இதை விட்டுவிட்டுப் பழையபடி கொட்டைக்குப் போகச் சொல்வது பிற்போக்கு அல்லவா?

ஒட்டை விட்டுவிடச் சொல்லவில்லை. ஒட்டு என்பது மேலே கட்டுகிற வேலை. அதை நாற்றுப்பண்ணை நிழலில் கட்டினாலும் ஒன்றுதான், கொல்லையில் குழியில் நிற்கிற செடியின்மேல் கட்டினாலும் ஒன்றுதான். மா மரத்தில் மானாவாரி நிலங்களில் இப்படி நின்ற இடத்திலேயே ஒட்டுக் கட்டுவது தெரிந்த முறை. முந்திரிக்கும் பலாவுக்கும் இளந்தண்டு ஒட்டு அதேபோல் பிடிக்கும்.

முறை இதுதான். ஆனி மாதத்தில் 20 முதல் 25 அடி இடைவெளியில் ஒன்றரை அடிக் குழி எடுத்து ஆறப்போட வேண்டும். அடியில் சுக்கான்போல் இறுகிய மண் இருந்தால் கடப்பாறையால் குத்தி உடைத்துவிட வேண்டும். வேர் இறங்க வேண்டிய வழி அது, குழியின் அகலத்தைவிட இதுதான் முக்கியம். மேல்மண்ணோடு 10 கிலோ தொழு உரமும் ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்கும் கலந்து மூடலாம். கொட்டையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளி, மூழ்குவதை மட்டும் ஒருநாள் ஊறவைத்து எடுக்க வேண்டும். ஆடி, ஆவணியில் ஒரு மழை விழுந்ததும் குழிக்கு மூன்று கொட்டை, காம்புப் பக்கம் மேலே இருக்கும்படி சற்றுச் சாய்வாக, இரண்டு அங்குல ஆழத்தில் ஊன்றவும். மூன்று வாரத்துக்குள் முளைத்துவிடும். இடையில் மழை தவறினால் குடத்தால் ஊற்றித்தான் ஆக வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பிறகு பயமில்லை. தை பிறந்ததும் குழிக்கு ஒரு நல்ல செடியை நிறுத்திவிட்டு மற்றதைக் கிள்ளி விடலாம், பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் நிற்கிற செடியின் வேரும் அசையும்.

கோடை முழுவதும் செடி நிற்கட்டும். அது தாங்குவதைப் பார்த்தாலே வேர் எங்கே போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்த ஆடியில் தண்டு பென்சில் கனத்துக்கு வந்திருந்தால் தரையிலிருந்து ஓர் அடிக்குள் வெட்டிவிட்டு, வெடித்து வரும் இளங்கிளையில் ஒட்டுக் கட்டலாம். ஒட்டுக்குச்சி பூக்காத பக்கக் கிளை நுனியாக இருக்க வேண்டும். எடுப்பதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே இலைத் தகடுகளை நறுக்கி, காம்பை மட்டும் விட்டால் நுனி மொட்டு திரண்டு நிற்கும். அடித்தண்டை இரண்டரை அங்குலம் பிளந்து, குச்சியை ஆப்புபோல் சீவிச் செருகி, பாலிதீன் நாடாவால் இறுகச் சுற்றி, மேலே நனைத்த பாலிதீன் குல்லாய் ஒன்று போட்டுவிட வேண்டும். மூன்று வாரத்தில் குல்லாயைக் கழற்றலாம். நாடாவை மறந்துவிடாதீர்கள். பிடித்த பிறகு அவிழ்க்காவிட்டால் அதுவே கழுத்தை நெரிக்கும்.

குழியில் கட்டும்போது பண்ணையில் பிடிக்கிற அளவுக்கு ஒட்டுப் பிடிக்காது. திறந்த வெளிக் காற்றும் வெயிலும் குச்சியைக் காயவைத்துவிடும். அதனால்தான் காற்றில் ஈரமுள்ள ஆவணி, புரட்டாசியைச் சொல்கிறேன். பிடிக்காத செடி செத்துவிடாது, மறுபடி துளிர்க்கும், மறுபடி கட்டலாம். பையில் வாங்கிய ஒட்டுக்கன்று காய்ந்தால் பணமும் போச்சு, ஒரு வருஷமும் போச்சு.

செலவைக் கணக்குப் பாருங்கள். 23 அடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறத்தாழ 80 மரம். குழிக்கு மூன்று வீதம் 240 கொட்டை. நல்ல பருமனான கொட்டையாக இருந்தாலும் இரண்டு கிலோவுக்குள் அடங்கிவிடும். வேறு செலவு ஒட்டுக் கட்டுகிறவர் கூலியும் குச்சியும்தான்.

காவல்தான் பெரிய தொல்லை. அணிலும் எலியும் ஊன்றிய கொட்டையைத் தோண்டித் தின்னும். பருப்பு வெடித்து மேலே வரும் நேரத்தில் மயில் ஒரு பக்கம், ஆடு ஒரு பக்கம். முள்ளை வெட்டிக் குழியைச் சுற்றி அடைத்துத்தான் தீர வேண்டும். வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொல்லைக்கு வருகிறவர்களுக்கு இந்த முறை ஒத்துவராது, அவர்கள் பைக்கன்றையே வைக்கட்டும். மற்றவர்களுக்கு முதல் ஆறு மாதம் இந்தப் பாடு படுவது, பின்னால் முப்பது வருஷத்தை நினைத்தால் பெரிதல்ல.

பைக்கன்று வாங்குகிறவர்களுக்கு

எப்படியும் பலர் பைக்கன்றுதான் வாங்கப் போகிறார்கள். அவர்கள் இலையைப் பார்த்து ஏமாறக் கூடாது. உயரமான கன்று நல்ல கன்று என்று போட்டி போட்டு எடுக்கிறோமே, அது தவறு. பையில் எத்தனை மாதம் நின்றது என்று கேளுங்கள். ஒட்டுக் கட்டி ஐந்தாறு மாதத்துக்குள் உள்ள குட்டைக் கன்று, ஒன்றரை வருஷம் நின்ற நெட்டைக் கன்றைவிட மேல். ஒரு பையைக் கிழித்து வேரைக் காட்டச் சொல்லுங்கள், அந்த ஒரு கன்றின் விலையைக் கொடுத்துவிட்டாவது பாருங்கள். நடும்போது பையின் அடியைக் கூரிய கத்தியால் ஓர் அங்குலம் மண்ணோடு அறுத்து எடுத்துவிட்டால் சுருண்ட நுனி போய்விடும். பிறகு பக்கவாட்டில் கிழித்துப் பையை முழுவதும் நீக்குங்கள். பையோடு புதைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், என்ன சொல்வது! ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். அதற்குக் கீழே வெடிக்கும் துளிரை வாரம் ஒருமுறை கிள்ளாவிட்டால் மேலே கட்டிய ரகம் காய்ந்து, கீழே உள்ள காட்டுக் கொட்டை மரமாகிவிடும். மூன்று வருஷம் கழித்து, கொடுத்த ரகம் சரியில்லை என்று பண்ணையைத் திட்டுவதில் பயனில்லை.

நாற்றுப் பண்ணைக்காரர்களும் சில காரியம் செய்யலாம். 10 அங்குலப் பைக்குப் பதில் குறுகலான நீளப் பை வாங்கலாம். பைகளைத் தரையில் அடுக்காமல் கம்பி வலைமேல் அடுக்கினால், அடியில் எட்டிப் பார்க்கும் வேர் நுனி காற்றுப் பட்டுத் தானே காய்ந்து நிற்கும், சுற்றாது, பக்கவேர் நன்றாக விடும். நம் பெரியவர்கள் பனையோலைக் கொட்டானில் செடி வைத்துக் கொட்டானோடு குழியில் இறக்கினார்கள். செய்தித்தாள் குழலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்? அடியில்லாத ஓலைக் குழல் பின்னிக் கொடுக்க நம் ஊரிலேயே ஆள் இருக்கிறார்கள்.

அரசுத் திட்டங்களில் ஏக்கருக்கு இத்தனை கன்று என்று எண்ணிக் கொடுப்பது சுலபம், கணக்குக் காட்டுவதும் சுலபம். அதே பணத்தில் நல்ல தாய் மரத்து ஒட்டுக்குச்சியையும், ஒட்டுக் கட்டத் தெரிந்த ஒருவரையும் ஊருக்கு அனுப்பினால் என்ன? ஆவணி, புரட்டாசியில் ஊருக்குப் பத்து நாள் வந்தால் போதும். குள்ளஞ்சாவடிப் பக்கத்தில் பிளஸ் டூ முடித்துவிட்டு வேலை தேடும் பையன்களுக்கும் பெண்களுக்கும் விருத்தாசலத்திலோ பாலூரிலோ ஒரு வாரம் கற்றுக்கொடுத்தால், அந்த ஆட்களும் வெளியிலிருந்து வரவேண்டியதில்லை. கர்நாடகத்தில் புத்தூரில் 1986 முதல் முந்திரிக்கென்றே தேசிய அளவிலான ஆராய்ச்சி நிறுவனம் நடக்கிறது. விஷயம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. தானே புயலுக்குப் பிறகு வைத்த தோப்புகளில் பத்து மரத்தையாவது தோண்டி வேரைப் பார்த்து, கண்டதைக் கண்டபடி விவசாயிகளுக்குச் சொல்லும்படி தோட்டக்கலைத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்வது தவறானால் அதிலேயே தெரிந்துவிடும்.

பலாவைப் பற்றி ஒரு வார்த்தை. முந்திரிக் கொட்டையைப் போல் பலாக்கொட்டையைக் காயவைத்து அடுத்த பருவத்துக்கு வைத்திருக்க முடியாது. காய்ந்தால் முளைப்பு போய்விடும். பழம் தின்ற ஒரு மாதத்துக்குள், முடிந்தால் அந்த வாரமே ஊன்ற வேண்டும். வேர் முந்திரியைவிட மெல்லியது, எளிதில் முறியும். பையில் போட்டாலும் நான்கு இலைக்கு மேல் விடாமல் நட்டுவிடுவது நல்லது. அதற்குமேல் பெரிதான கன்றை மாற்றி நட்டுப் பிழைக்கவைப்பது கஷ்டம். சித்திரை முதல் ஆடி வரை பழம் வருகிற காலம், அப்போது குழியும் தயாராக இருந்தால்தான் கொட்டை வீணாகாது. ஆகவே பலாவுக்கு 25 முதல் 30 அடி இடைவெளியில் 3 அடிக் குழியைக் கோடை மழையின்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சுளையுள்ள மரம் யார் தோப்பில் நிற்கிறது என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.